வார்ப்பு ரெசின் வாங்கலாமா? 4 மாதம், 11 வார்ப்புக்குப் பிறகு

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினேன், கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது. இதுவரை 11 ஃபிளாஸ்க் (அச்சு இறுகி நிற்கும் உலோகக் குழாய்) வார்த்திருக்கிறேன், அதில் முதல் 3 குப்பை, அடுத்த 2 அரைகுறை, மீதி 6 நன்றாக வந்தன. அந்த 6-ஐப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. முதல் 3-ஐப் பார்த்தால் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் "மெழுகைப் போலவே பயன்படுத்தலாம்" என்ற வாசகத்தை எழுதியவரைக் கூப்பிட்டு உலை முன்னால் ஒரு ராத்திரி உட்கார வைக்க வேண்டும் போலிருக்கிறது.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. என் தோல்விகளில் பாதிக்கு நானே காரணம், தவிர இங்கே எழுதுவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனியின் வார்ப்பு ரெசினுக்கும் பொருந்தும். 3டி பிரின்டரில் ஊற்றி, ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைத்து உருவத்தை அச்சிட்டு, அந்த உருவத்தைச் சுற்றி ஜிப்சம் கலந்த அச்சு மாவைக் கரைத்து ஊற்றி இறுகவைத்து, உலையில் உள்ளே இருப்பதை எரித்து வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதற்கான ரெசின் இது. அதாவது மெழுகு வார்ப்பில் மெழுகு செய்த வேலையை இது செய்ய வேண்டும்.

நான் தொழில்முறை ஆள் இல்லை. 6 வருஷமாக ஓய்வு நேரத்தில் மெழுகில் செதுக்கி வெள்ளியிலும் வெண்கலத்திலும் சின்னச் சின்னப் பொருள்கள் வார்க்கிறேன். கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர், வார்ப்பிலேயே ஆயுளைக் கழித்தவர், கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர். அவர் இதில் அடிக்கடி வருவார்.

ரெசின் வாங்கியதற்குக் காரணம் ஒரு கொக்கி. வீட்டில் ஒரு பழைய மரப்பெட்டி இருக்கிறது. மூடியை இறுக்க இரண்டு பக்கமும் கிளி மூக்கு மாதிரி வளைந்த பித்தளைக் கொக்கிகள். இடதுபக்கக் கொக்கி இருக்கிறது, வலதுபக்கம் எப்போதோ உடைந்து தொலைந்துவிட்டது. இருப்பதை அச்செடுத்து வார்த்தால் இன்னொரு இடதுபக்கக் கொக்கிதான் கிடைக்கும். வலதுக்குக் கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி எல்லாமே திரும்பியிருக்க வேண்டும், கிளி அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். மெழுகில் இரண்டு தடவை செதுக்கிப் பார்த்தேன். ஒன்றைப் பார்த்து அதேபோல் செதுக்குவது ஒரு வித்தை, ஒன்றைப் பார்த்து அதைத் திருப்பிப்போட்டுச் செதுக்குவது வேறு வித்தை, எனக்கு இரண்டாவது வரவில்லை. முதல் கிளி காக்கா மாதிரி இருந்தது, இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கம்ப்யூட்டரில் இதற்கு ஒரே ஒரு கட்டளைதான். கொக்கியை ஒரு தட்டில் வைத்து, பளபளப்பு கேமராவை ஏமாற்றாமல் இருக்க மேலே டால்கம் பவுடர் தூவி, சுற்றிச் சுற்றி எண்பது தொண்ணூறு படம் போனில் எடுத்தேன். படங்களிலிருந்து உருவத்தைக் கட்டும் மென்பொருளில் போட்டு, வந்ததை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திறந்து, 'மிரர்' என்று கொடுத்தேன். கிளி திரும்பிவிட்டது. அந்த நொடியில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே பாட்டில் விலை தகும் என்று நினைத்தேன். (அப்போது உலையைப் பற்றி நினைக்கவில்லை.) ஸ்கேனில் இறகுக் கோடுகள் பாதி மழுங்கிப் போயிருந்தன, அவற்றைத் திரையிலேயே ஒவ்வொன்றாக மறுபடி கீறி ஆழப்படுத்த இரண்டு சாயங்காலம் ஆனது. மென்பொருள் தெரிந்தவர்களைவிட மெழுகில் செதுக்கிப் பழகியவர்களுக்கு இந்த இடம் சுலபமாக வரும் என்று தோன்றுகிறது. எங்கே ஆழம், எங்கே மழுக்கம் என்பது கைக்கு ஏற்கெனவே தெரியும், மவுஸ் புது உளி, அவ்வளவுதான்.

அச்சிடுவதைப் பற்றி. இந்த ரெசினை வைத்து அச்சிடுவது சாதாரண ரெசின் மாதிரி இல்லை. என் பிரின்டரில் சாதாரண ரெசினுக்கு ஒரு அடுக்குக்கு 2.5 விநாடி வெளிச்சம் போதும், இதற்கு 7 விநாடி கொடுத்தால்தான் நிற்கிறது. வெளியே வரும் பொருள் கொஞ்சம் தொளதொளவென்று, பாதி காய்ந்த ரப்பர் மாதிரி இருக்கிறது, அச்சிடும்போது உருவத்தைப் பிடித்து நிற்கும் மெல்லிய தாங்குகால்கள் வளைந்துவிடும், ஆகவே தாங்குகால்களைக் கொஞ்சம் தடியாகவும் நெருக்கமாகவும் வைக்க வேண்டியிருந்தது. தடியாக வைத்தால் அவற்றை வெட்டிய இடத்தில் முகப்பரு மாதிரி ஒரு வடு நிற்கும். உலோகத்தில் அரம் போட்டு எடுப்பதைவிட ரெசினிலேயே வழித்துவிடுவது நூறு மடங்கு சுலபம், இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

ஆனால் நுணுக்கம் அபாரம். 0.05 மில்லிமீட்டர் அடுக்கில் அச்சிட்ட கிளியின் கண்ணைச் சுற்றி இருக்கும் வளையம், பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் கூராக இருந்தது. இவ்வளவு மெல்லிய வளையத்தை என்னால் மெழுகில் விட முடியாது, நகம் பட்டால் போய்விடும். அடுக்குக் கோடுகள் சரிவான இடங்களில் லேசாகத் தெரியும். உலோகத்தில் மெருகு ஏற்ற ஏற்ற அவை மறைவதற்குப் பதில் இன்னும் பளிச்சென்று தெரியும், ஆகவே வழவழப்பான பரப்பு கொண்ட பொருளை எந்தச் சாய்வில் வைத்து அச்சிடுகிறோம் என்பதை யோசித்து வைக்க வேண்டும். கொக்கிக்கு அது பிரச்சினை இல்லை, மேலே முழுக்க இறகுதான்.

இனி உலைக்கு வருவோம். ரெசின் வாங்குகிறவர்கள் முழுதாக யோசிக்காத இடம் இதுதான், நானும் யோசிக்கவில்லை.

மெழுகு வார்ப்பு எவ்வளவு பழையது என்று பார்த்தால் தலை சுற்றும். மொகஞ்சதாரோவில் கிடைத்த, ஒரு சாண் உயரம்கூட இல்லாத நடன மங்கை சிலை இந்த முறையில் வார்த்ததுதான். அதற்கும் முன்னால், சாக்கடல் பக்கம் நகல் மிஷ்மர் என்ற இடத்தில் ஒரு குகையில் 1961-இல் எடுத்த நானூறுக்கும் மேற்பட்ட செப்புப் பொருள்களிலும் மெழுகு வார்ப்பு இருக்கிறது, அவை செப்புக் காலத்தவை. அப்போதிருந்து இன்றுவரை முறை ஒன்றேதான்: உருவம் செய், மண்ணால் மூடு, சூடேற்று, உள்ளே இருப்பது ஓடிப்போகட்டும், உலோகத்தை ஊற்று. இவ்வளவு காலம் இந்த முறை நின்றதற்குக் காரணம் மெழுகின் ஒரே ஒரு குணம். அது தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே உருகி, தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு போய்விடும். அச்சுக்கு ஒரு தொந்தரவும் தராது.

ரெசின் அப்படி உருகாது. பாட்டிலில் எதை எழுதியிருந்தாலும் சரி, ஒளி பட்டு ஒருமுறை கெட்டியான ரெசின் மறுபடி திரவமாகாது. (சில ரெசின்களில் 20 முதல் 40 சதம் வரை மெழுகைக் கலந்து விற்கிறார்கள், அவற்றில் அந்த மெழுகுப் பங்கு மட்டும் உருகும், மீதி அப்படியே நிற்கும்.) சூடானால் முதலில் விரியும். விரிய இடம் இல்லாமல் சுற்றியிருக்கும் மாவு அச்சை நெட்டித் தள்ளும், அப்புறம் மெல்லக் கருகி, எரிந்து, புகையாகப் போகும். மெழுகு கதவைத் திறந்துகொண்டு போகிற விருந்தாளி என்றால், இது சுவரில் சாய்ந்து நெட்டிவிட்டுப் போகிற விருந்தாளி.

முதல் ஃபிளாஸ்க்கில் நான் செய்தது என்னவென்றால், மெழுகுக்கு வழக்கமாக வைக்கும் 7 மணி நேர உலை அட்டவணையையே வைத்தேன். பாட்டிலோடு வந்த தாளில் வேறு அட்டவணை இருந்தது, நேர்மையாகச் சொன்னால் நான் படிக்கவில்லை, மெழுகு மாதிரிதானே என்று விட்டுவிட்டேன். வார்த்து, ஃபிளாஸ்க்கைத் தண்ணீரில் முக்கி, மாவு கரைந்து வெளியே வந்த கொக்கியைப் பார்த்தால் கிளிக்கு ஈசல் இறகு முளைத்திருந்தது. முதுகிலிருந்தும் கழுத்திலிருந்தும் தாள் கனத்தில் வெண்கலப் பிசிறு, விரல் நீளத்துக்கு, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் ஊடாகத் தெரிகிற அளவு மெல்லிசு. ரெசின் விரிந்தபோது மாவு அச்சு வெடித்து, அந்த வெடிப்புகளில் எல்லாம் உலோகம் ஓடிப் புகுந்திருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது, கொக்கியாக மட்டும் ஆகாது.

பெரியவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வெச்ச உள்ள?"

"ரெசின், ஐயா. பிளாஸ்டிக் மாதிரி. மெழுகுக்குப் பதிலா."

"ஓடுமா?"

"ஓடாது, எரியும்."

"எரியுற சாமானுக்கு ஓடுற சாமானோட நேரத்தைக் கொடுத்தா அது என்ன பண்ணும், தம்பி?" என்று சொல்லிவிட்டு அந்தப் பிசிறில் ஒன்றை ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

இதே பிரச்சினை பெரிய தொழிற்சாலைகளுக்கும் வந்திருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒளியால் திரவத்தை அடுக்கடுக்காக இறுகவைக்கும் இந்த அச்சு முறைக்கு சார்லஸ் ஹல் 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986-இல் பெற்றார். அடுத்த சில வருஷங்களிலேயே அதை வார்ப்புக்குப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு அச்சு ஓடுகள் வெடித்தன. 1990-களில் அதற்கு ஒரு வழி வந்தது, குயிக்காஸ்ட் என்று பெயர், உருவத்தைக் கெட்டியாக அச்சிடாமல் உள்ளே தேன்கூடு மாதிரிப் பொள்ளலாக அச்சிடுவது. சூடானால் வெளியே நெட்டுவதற்குப் பதில் உள்ளுக்குள்ளேயே நொறுங்கி விழுந்துவிடும். என் கொக்கி அதிகபட்சம் 6 மில்லிமீட்டர் கனம், அதற்குத் தேன்கூடெல்லாம் அதிகம். ஆனால் கெட்டியான, கனமான உருவத்தை இந்த ரெசினில் அச்சிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. மெல்லிய மோதிரம், கம்பி வேலை, பூ வேலை, இவற்றுக்குத்தான் வார்ப்பு ரெசின் இயல்பாகப் பொருந்துகிறது.

இரண்டாவது ஃபிளாஸ்க். தாளைப் படித்தேன், அட்டவணையைப் பின்பற்றினேன், பிசிறு இல்லை. ஆனால் மேல்தோல் முழுக்கச் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி. காரணம் உலை இல்லை, அதற்கு முன்னாலேயே நடந்த தப்பு. அச்சிட்ட உருவத்தின் மேல் காயாத ரெசின் மெல்லிசாகப் படிந்திருந்தால், அதைத் தொடும் இடத்தில் மாவு சரியாக இறுகாது, பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடி உலோகத்தில் பதியும். நான் ஆல்கஹாலில் ஒரே தடவை அலசிவிட்டு வேகமாக மாவு ஊற்றிவிட்டேன். இப்போது இரண்டு தடவை சுத்தமான ஆல்கஹாலில் அலசி, காற்றில் நன்றாக உலரவிட்டு, புறஊதா வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிக் காயவைக்கிறேன். விரலால் தொட்டால் பிசுபிசுப்பே இருக்கக் கூடாது. கையுறை போட்டுத் தொடுங்கள், காயாத ரெசின் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், ஒருமுறை வந்தால் ஒவ்வொரு தடவையும் வரும்.

மூன்றாவதில் பிசிறும் இல்லை, சொரசொரப்பும் இல்லை, அதற்குப் பதில் ஆங்காங்கே ஊசி குத்தின மாதிரி பள்ளங்கள், உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ. சாம்பலேதான். புகை வீட்டுக்குள் வருகிறதே என்று உலையின் மேல் துவாரத்தைப் பாதி மூடி வைத்திருந்தேன், காற்றில்லாமல் ரெசின் முழுதாக எரியவில்லை. அதைத் திறந்து, உலையை வெளியே கொண்டுபோய் வைத்த பிறகு இந்தப் பிரச்சினை திரும்ப வரவே இல்லை. புகையைச் சுவாசிக்காதீர்கள், மெழுகுப் புகை மாதிரி இல்லை இது, நெஞ்சைக் கமறும்.

சரி, நன்றாக எரியவில்லை என்றால் இன்னும் சூடேற்றிவிடலாமே என்று தோன்றும். முடியாது. நாம் ஊற்றும் மாவு, இன்வெஸ்ட்மென்ட் பவுடர் என்பார்கள், ஜிப்சமும் சிலிக்காவும் கலந்தது. 750 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் சிதையத் தொடங்கும், கந்தகப் புகை கிளம்பும், மிச்சம் இருக்கும் கரி அதை இன்னும் சீக்கிரமாக்கும், வெள்ளியாக இருந்தால் அந்தக் கந்தகம் உலோகத்தையே கெடுக்கும். ரெசின் முழுக்க எரிய 700-க்கு மேல் வேண்டும், மாவு 750-க்கு மேல் தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் மொத்த வித்தையும். மெழுகுக்கு இந்தச் சந்து பெரிய வீதி மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

தாளில் இருந்த அட்டவணை 11 மணி நேரம். நான் இப்போது வைப்பது கிட்டத்தட்ட 17. முதலில் 150 டிகிரியில் 2 மணி நேரம். அங்கிருந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் மெதுவாக 370-க்கு ஏற்றி, அங்கே 2 மணி நேரம். ரெசின் விரிவது, மாவில் இருக்கும் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா 200-லிருந்து 270 டிகிரிக்குள் திடீரென்று பருமனாவது, இரண்டும் இந்த ஏற்றத்தில்தான் நடக்கின்றன, ஆகவே அவசரப்பட்டால் வெடிப்பது இங்கேதான். அதற்கப்புறம் 730-க்கு ஏற்றி 4 மணி நேரம் வைத்து, வெண்கலத்துக்கு 500 வரை இறக்கி ஒரு மணி நேரம் நிலைக்கவிட்டு வார்க்கிறேன். சாயங்காலம் ஏற்றினால் மறுநாள் காலை பத்துக்கு மேல் ஆகிவிடும். உலைக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் இந்த ரெசினைத் தொடவே வேண்டாம் என்பேன், விடிய விடிய உட்கார்ந்து குமிழைத் திருப்ப முடியாது.

உலோகத்தைப் பற்றி ஒரு வரி: பழைய கொக்கி பித்தளை, நான் வார்த்தது வெண்கலம். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும், சின்ன இடத்தில் அந்த வம்பு வேண்டாம் என்று விட்டேன். நிறம் கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது, வருஷம் போனால் கறுத்து ஒன்றாகிவிடும் என்று பெட்டியின் சொந்தக்காரியான என் அம்மா நம்புகிறார்.

கம்ப்யூட்டர் உண்மையிலேயே எங்கே உதவுகிறது என்றால், அளவில். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், ரெசினும் காயும்போது கொஞ்சம் சுருங்கும். கொக்கி திரையில் 62.0 மில்லிமீட்டர், அச்சிட்டுக் காய்ந்த பிறகு 61.8, வெண்கலத்தில் 60.9. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டால் கொக்கியின் மூக்கு பெட்டியின் வளையத்தில் மாட்டாது. அடுத்த தடவை 1.018 மடங்கு பெரிதாக்கி அச்சிட்டேன், சரியாக வந்து உட்கார்ந்தது. மெழுகில் செதுக்கும்போது இதை ஒரு குத்துமதிப்பில் "கொஞ்சம் பெரிசா" என்று வைப்பேன், அரத்தால் சரிசெய்துகொள்வேன். இங்கே ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஒருமுறை உங்கள் ரெசினுக்கும் உங்கள் உலோகத்துக்கும் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அதுவே எல்லாவற்றுக்கும் நிற்கும்.

எடையும் அப்படித்தான். மெழுகு உருவத்தை எடைபோட்டு வெள்ளியென்றால் பத்து மடங்கு, வெண்கலமென்றால் ஒன்பது மடங்கு என்று கணக்குப் போடுவது பழைய வழக்கம், மெழுகின் அடர்த்தி தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால் அது வேலை செய்கிறது. ரெசின் மெழுகைவிடக் கனம், அதே பெருக்கலைப் போட்டால் உலோகம் தேவைக்குமேல் உருக்கும் மூசையில் ஏறும். மென்பொருள் கன அளவை நேரடியாகச் சொல்லிவிடுகிறது: கொக்கி 2.4 கன சென்டிமீட்டர், வெண்கலத்தின் அடர்த்தி 8.8, ஆக 21 கிராம், அதோடு உலோகம் உள்ளே போகும் தண்டுக்கும் அதன் மேல் நிற்கும் கட்டிக்கும் சேர்த்து 40 கிராம் எடுத்தேன்.

ஓடுகால், அதாவது அந்தத் தண்டு விஷயத்தில் மட்டும் நான் கம்ப்யூட்டரை நம்பி ஏமாந்தேன், அந்த 2 அரைகுறை வார்ப்புகள் அதனால்தான். உலோகம் உள்ளே போகும் ஸ்ப்ரூ தண்டைத் திரையிலேயே வரைந்து, உருவத்தோடு சேர்த்து அச்சிட்டேன், அழகாக, ஒல்லியாக, வெட்டி எடுக்க வசதியாக வாலின் நுனியில். வார்த்ததும் கிளியின் தலைக்குள் பஞ்சு மாதிரி ஓட்டைகள். நுனி முதலில் இறுகிவிட்டது, தலை அப்போதும் திரவமாக இருந்து சுருங்கச் சுருங்க உலோகம் கேட்டிருக்கிறது, வழி அடைபட்டுப் போனதால் கொடுக்க ஆள் இல்லை. நிக்கோலஸ் க்வோரினோவ் என்பவர் 1940-இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: வார்ப்பு இறுகும் நேரம், கன அளவைப் பரப்பளவால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனமான பகுதி கடைசியில் இறுகும், அதைவிடக் கடைசியில் தண்டு இறுக வேண்டும். இப்போது வரும் வார்ப்பு உருவக (சிமுலேஷன்) மென்பொருள்கள் இதை வண்ண வண்ணமாகப் படம் போட்டே காட்டும், பெரிய தொழிற்சாலைகள் அதை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன.

பெரியவர் திரையைப் பார்த்தார், கிளியின் பின்மண்டையில் கட்டைவிரலை வைத்தார். "இங்க வை. உன் சுண்டுவிரல் தடிமன்ல." வைத்தேன். ஓட்டை இல்லை. அவ்வளவு தடித்த தண்டை வெட்டி எடுத்து, அரம் போட்டு, இறகுக் கோடுகளை அந்த இடத்தில் மறுபடி உளியால் கீற வேண்டியிருந்தது, அரைநாள் வேலை. தண்டுக்கு இடம் பார்த்த பிறகுதான் எந்தப் பக்கம் நுணுக்கம் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும் என்கிறார் அவர். நான் நுணுக்கத்தை எல்லாம் முடித்துவிட்டுத் தண்டுக்கு இடம் தேடினேன்.

இதே பெரியவர் பற்றி இன்னொன்று. கடைசியாக வந்த நல்ல கொக்கியைக் கையில் கொடுத்தபோது, அளவு, மூக்கு, துளை எல்லாம் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் இறகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை வெட்டினவன் இடது கைக்காரனா?" என்றார். எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. பழைய கொக்கியைச் செய்தவர் வலது கையால் உளியைச் சாய்த்து வெட்டியிருக்கிறார், ஒவ்வொரு இறகின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கொக்கியைத் திருப்பியபோது அந்தக் கையையும் சேர்த்துத் திருப்பிவிட்டது. உண்மையான வலதுபக்கக் கொக்கியில் அவர் அப்படி வெட்டியிருக்க மாட்டார். இடதுபக்கக் கொக்கி கீழே விழுந்து நசுங்கின ஒரு சின்னப் பள்ளமும் இதில் ஒழுங்காகத் திரும்பி வந்திருக்கிறது, அதை எடுக்க மறந்துவிட்டேன். வேறு யாருக்கும் தெரியாது. எனக்குப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தெரிகிறது.

ஆகவே வாங்கலாமா என்றால், எதற்கு என்பதைப் பொறுத்து. ஒரே ஒரு தடவை செய்யும், மெல்லிய, நுணுக்கமான, அளவு பிசகக் கூடாத பொருளுக்கு வாங்குங்கள், உலையைப் பழக்க 3 ஃபிளாஸ்க் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாங்குங்கள். இந்த மாதிரி துல்லிய வார்ப்பு முதலில் பெரிய அளவில் பரவியதே பல் மருத்துவத்தில்தான், வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1907-இல் தங்கப் பல்லடைப்புகளை மெழுகு வார்ப்பில் செய்து காட்டியதிலிருந்து. ஒவ்வொரு வாயும் வேறு, ஒவ்வொன்றும் ஒரே தடவை, முடி அளவு பிசகினாலும் கடிக்காது. ரெசினுக்கு ஏற்ற வேலை அந்த ஜாதி.

ஒரே பொருளை ஐந்து, பத்து என்று வார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் ரெசினில் அச்சிட்டு ஒவ்வொன்றுக்கும் 17 மணி நேரம் உலை மூட்டுவது வீண். ஒன்றே ஒன்றை அச்சிட்டு, அதிலிருந்து ரப்பர் அச்செடுத்து, அதில் உருக்கிய மெழுகை ஊற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் பழைய வழிதான், உலையும் பழைய நேரம்தான். நான் கடைசி 6-இல் 4 ஃபிளாஸ்க்கை இப்படித்தான் வார்த்தேன், ஒன்றுகூட வெடிக்கவில்லை. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மெழுகும் ஆறும்போது சுருங்கும், ஆகவே பெருக்கும் எண் கூடும், எனக்கு 1.03 பக்கம் வந்தது. இன்னொன்று, பிளாட்டினம் வகை சிலிக்கான் ரப்பர் சரியாகக் காயாத ரெசின் மேல் இறுகவே இறுகாது, பசை மாதிரி நின்றுவிடும், ஒரு கிண்ணம் சிலிக்கானை அப்படித் தூக்கிப்போட்டேன். இந்த மூல உருவத்துக்கு வார்ப்பு ரெசினே தேவையில்லை, சாதாரண கெட்டி ரெசின் போதும், விலையில் பல மடங்கு வித்தியாசம்.

உள்ளங்கையைவிடப் பெரிய பொருள்களுக்கு பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் பிரின்டரில் வண்ணம் கலக்காத பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையை வைத்து அச்சிட்டு எரிப்பவர்கள் இருக்கிறார்கள், அது இளகி எரிகிறது என்பதால் அச்சுக்குத் தொந்தரவு குறைவு, ஆனால் கோடுகள் தடித்துத் தெரியும். நான் இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், இந்தப் பதினொன்றில் அவை சேர்த்தி இல்லை.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள், அட்டவணைத் தாளைப் பெட்டியின் அடியில் போடாமல் பாட்டிலின் மேலேயே ஒட்டுங்கள், மெழுகு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு "எரியும்" என்று பெரிதாகப் போடுங்கள்.

மிச்சம் இருக்கும் கால் பாட்டிலில் அந்தப் பெட்டிக்கே ஒரு கீல் அச்சிட வைத்திருக்கிறேன். பெரியவர் இந்தத் தடவை இறகு வேலை எதையும் திரையில் செய்யாதே, வெறும் உடம்பை மட்டும் அச்சிட்டுக் கொண்டுவா, வெட்டுவதை வெண்கலத்தில் வெட்டிக்கொள்ளலாம், வலது கையால், என்றார். தீர்ந்த பிறகு இன்னொரு பாட்டில் வாங்குவேனா என்றால், வாங்குவேன். அரை லிட்டர்.